கிறுக்கல் இல்லாத புத்தகம்

பழைய ஜப்பான் ஆர்பிஜி வீடியோ கேம் கேசட் ஒன்று பெட்டியோடும் விளக்கப் புத்தகத்தோடும் இருப்பதாக அவனியாபுரத்திலிருந்து ஓர் அக்கா போன வாரம் போனில் சொன்னார். பைக் விபத்தில் இறந்துபோன அவருடைய தம்பியின் கேசட்டாம்.

பழைய கேம் சேர்க்கும் நம் குழுவின் வழக்கப்படி நானும் கேட்டுவைத்தேன். “புத்தகத்துல கிறுக்கல் இருக்காக்கா? இருந்தா விலை இறங்கிரும்.”

இன்று ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. புத்தகத்திலும் பேனாவோ பென்சிலோ பட்ட தடமே இல்லை. ஆனால் ஜப்பானிய எழுத்துகளுக்குப் பக்கத்தில் மட்டும் காகிதம் தேய்ந்து, பஞ்சு பஞ்சாக இருந்தது.

“இங்கன என்னக்கா இருந்துச்சு?”

“அவனுக்கு ஜப்பான் பாஷை தெரியாதுல்ல தம்பி. ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்து, இது கத்தி, இது மருந்து, இங்க போனா செத்துருவன்னு பென்சில்ல தமிழ்ல எழுதி வச்சிருந்தான். நீங்கதான் கிறுக்கல் இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே. ரெண்டு நாளா உக்காந்து ரப்பர் போட்டேன். அம்புட்டும் போயிருச்சான்னு நல்லாப் பாருங்க.”

“போயிருச்சுக்கா.”

அவருக்கு நிம்மதி. எனக்குத்தான் புத்தகத்தை மூட மனம் வரவில்லை.

“அவரு எழுதுனது வேற ஏதாவது இருக்காக்கா?”

“நோட்டெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சே.”

பேசிய விலையைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்துவிட்டேன்.

மதிப்புப் போடுவதில் கெட்டிக்கார நண்பர்களே, கிறுக்கலே இல்லாத பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. என்ன பெறும், சொல்லுங்கள்.