சூப்பர்வைசர் ஆக முடியுமா சார்?

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தேன். படிப்பு ப்ளஸ் டூவோடு சரி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், சுவிட்ச் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் வாசலில் 'பட்டதாரிப் பெண்கள் தேவை' என்ற போர்டைப் பார்ப்பேன். நமக்கில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் பார்த்தால், 'பட்டதாரி' என்ற சொல்லை மட்டும் வெள்ளை பெயின்ட் பூசி மறைத்திருந்தார்கள். ஏன்? மண்டையைக் குடைந்தது. பத்தாவது முடித்த பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போய், முதலில் வாட்ச்மேனிடம்தான் விசாரித்தேன்.

"படிச்சவங்கோ எங்கம்மா நிக்கிறாங்கோ? பேங்க் பரிச்சை எழுதிகினே கீறாங்கோ. பாஸானா போய்கினே கீறாங்கோ" என்று சிரித்தார்.

உள்ளே மேனேஜர் சான்றிதழைப் பார்க்கவில்லை. ஒரு தட்டு நிறைய சுவிட்சுகளைக் கொடுத்து, பழுதானவற்றைப் பிரித்து வைக்கச் சொன்னார். இருவருமே சரியாகச் செய்தோம். "ஏதாவது கேக்கணுமா?" என்றார், ஒரு பேச்சுக்கு.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பட்டம் இல்லாம உள்ள வந்துடலாம், சரி. பின்னாடி சூப்பர்வைசர் ஆகவும் முடியுமா சார்?"

பக்கத்து வீட்டுப் பெண் என் கையைக் கிள்ளினாள். மேனேஜர், "அதை நாங்க யோசிக்கவே இல்லையேம்மா. எனக்குத் தெரியல. மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். ஓர் அதிகாரி தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா நீ! வேல குடுத்தா வாங்கிகினு வராம கேள்வி கேட்டுகினு கீறே. அந்தாளு வாணாம்னு அனுப்சிருந்தா?"

அவள் சொன்னதும் சரிதான் என்று பட்டது. நல்லவேளை, இருவருக்கும் வேலை கிடைத்தது.

சில வருடங்கள் ஓடின. கேட்டதை நானே மறந்துவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனபோது, இன்னொரு பட்டதாரிதான் வருவார் என்று நினைத்திருந்தோம். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். அன்று நான் கேட்டதை அவர் மேலிடத்தில் கேட்டிருக்கிறார். முடியாது என்றிருக்கிறார்கள். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்து, இப்போதுதான் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

புதிய சூப்பர்வைசர் நான்தான் என்றே நினைத்தேன். ஆனால் அவர் கைகாட்டியது பக்கத்து வீட்டுப் பெண்ணை.

அது சரியான தேர்வுதான். யாருக்கு என்ன தகராறு என்றாலும் எங்கள் பிரிவில் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள். நானே போயிருக்கிறேன். இருந்தும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

வீடு திரும்பும் வழியில் அவள் என் கையைக் கோத்துக்கொண்டாள். பிறகு, "அக்கா, நீ கேக்காங்காட்டி எனக்கு ஏது இது? கோச்சிக்கினியா?" என்றாள்.

"கோபம்தான். டீ வாங்கிக் குடு, போயிடும்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததும், எனக்கும் மனசு லேசானது.

இப்போதெல்லாம் 'பட்டம் கட்டாயமில்லை' என்று விளம்பரம் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சேர்வதற்கு மட்டும்தானா, உயர்வதற்கும் சேர்த்தா என்று போய்க் கேட்க இன்னமும் வாய் துறுதுறுக்கிறது.