கணக்குக்கு மட்டும் தமிழர்

கனடாவில் பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் கட்டடத்துக்குக் கீழே டெப்பனர் என்று சொல்லும் மூலைக்கடை ஒன்றை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர். பால் வாங்கப் போனாலும் தமிழினத்தின் எதிர்காலம் பற்றிக் கதைக்காமல் விடமாட்டார். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கனடாவில் குடிசன மதிப்பீடு வந்தபோது மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இனம் எண்டு கேட்டா சிறீலங்கன் எண்டு எழுதிப்போடாதையுங்கோ. தமிழ் எண்டு எழுதுங்கோ. எண்ணிக்கை இருந்தாத்தான் இவங்கள் எங்களை மதிப்பாங்கள்." பிரெஞ்சும் ஆங்கிலமும் ஓடாத வீடுகளுக்குத் தானே ஏறி இறங்கி எழுதிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டுக்கு வர அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருடைய தம்பியும் என் தங்கையும் சென்ட் லோரன்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போயிற்று, பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. தங்கைக்கு முப்பது தாண்டிவிட்டது. ஊரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே இளமை போனவள். தனக்கென்று அவள் ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான். எங்கள் வீட்டுப் படிவத்தை நிரப்ப அன்று அண்ணை வருகிறார் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு குசினிக்குள், அடுப்படியில் நின்றாள்.

எங்கள் ஆட்கள் எங்கே சந்தித்தாலும் பெயருக்கு முன்பு ஊரைக் கேட்பார்கள். நான் கிளிநொச்சி என்பேன். வளர்ந்தது அங்கேதான். பிறந்தது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுவந்தவர்களின் வழியில். இனக்கலவரத்தில் நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்தைக் கொளுத்தியபோது வடக்கே ஓடி வந்த குடும்பம் நாங்கள். அதை அண்ணை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் நாடு தன் பெயரிலேயே சோசலிசக் குடியரசு என்று போட்டுக்கொண்ட நாடு. ஆனால் ஆட்களை எண்ண வரும்போது ஒரே மொழி பேசுபவர்களையே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எழுதும். கிளிநொச்சியில் ஒருமுறை எண்ண வந்தவரிடம், "நானும் இந்த நாட்டுல பொறந்தவன்தாங்க, இலங்கைத் தமிழர்னு எழுதுங்க" என்று அப்போது உயிரோடிருந்த அப்பா கேட்டார். வந்தவர் சிரித்துவிட்டு இந்தியத் தமிழர் என்றே எழுதிக்கொண்டு போனார். அவரும் தமிழர்தான், பள்ளிக்கூட வாத்தியார். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எண்ண வருபவரிடம் என்ன சொன்னால் தொல்லை இல்லை என்று அன்றைக்கே அவர் தெரிந்துகொண்டார்.

அண்ணை சோபாவில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, பேனாவைத் திறந்து, பகிடியாகத்தான் கேட்டார். "சரி அம்மா, சொல்லுங்கோ பாப்பம். நீங்கள் என்ன இனம்?"

அம்மா எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு சொன்னார்: "இந்தியத் தமிழருங்க, ஐயா."

பேனா நின்றது. அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அது அங்கத்தைக் கதை, அம்மா. இஞ்சை நாங்கள் எல்லாரும் தமிழர்தானே. நீங்கள் இருங்கோ." அம்மா, தங்கை, நான் என்று மூன்று பேருக்கும் அழகான எழுத்தில் தமிழ் என்று எழுதினார். ஒரு குறையும் வைக்கவில்லை.

தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். முன்பு வந்தபோதெல்லாம் கேட்டு வாங்கி இரண்டாம் கோப்பையும் குடித்த மனிதர் அவர். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான், தங்கச்சி" என்று எழுந்துவிட்டார். ஒரு வீட்டைத் தனக்குக் கீழே என்று நினைத்தவர் அந்த வீட்டில் வாய் நனைக்கமாட்டார். கடல் தாண்டி வந்தும் அதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். தங்கை கோப்பையோடு அப்படியே நின்றாள்.

அடுத்த கிழமை ஆள் மூலம் பதில் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். நாங்கள் இன்னும் சாதகமே கொடுக்கவில்லை!

தம்பிக்காரன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டான். தங்கை அதே பஸ்ஸில் அதே தொழிற்சாலைக்குப் போய் வந்தாள். நான்தான் கீழே இறங்கி அந்தக் கடையில் பாணும் பாலும் வாங்குவதை நிறுத்தினேன். அதைவிட வேறென்ன செய்ய முடிந்தது?

முடிவுகள் வெளிவர இரண்டு வருடம் ஆயிற்று. சித்திரைப் புத்தாண்டு விழாவில் அண்ணை மைக்கைப் பிடித்து, கனடாவில் தமிழர் எத்தனை பேர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "ஒருத்தரையும் விடேல்லை! ஒவ்வொரு வீடா ஏறி இறங்கின பலன் இது!" மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். முன்வரிசையில் தம்பியும் அவனுடைய புது மனைவியும் தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் அம்மாவும் சந்தோஷமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

தங்கை எழுந்தாள். அவள் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அண்ணை, எங்கட வீட்டு மூண்டு பேரையும் கழிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

கைதட்டல் நின்றது. மேடையிலிருந்து அண்ணை எங்கள் பக்கம் பார்த்தார். எண்ணுகிறவர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, அம்மா முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றார்.