ரெண்டு கட்டை இறக்கிய பாட்டு

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். தலை நரைக்கும்வரை மேடையில் கீபோர்டு வாசித்தவன் நான். ஆனால் என் விரல் ஓடுவது வெள்ளைக் கீகளில் மட்டும்தான். கறுப்புப் பக்கம் போனால் கல்யாண மண்டப வாசலில் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி ஆகிவிடுவேன். அப்படியும் எல்லாச் சுருதியிலும் வாசித்துப் பிழைத்தேன் என்றால், அந்தப் பெருமை ட்ரான்ஸ்போஸ் பட்டனுக்குத்தான் போக வேண்டும். அதை அமுக்கினால் விரல் பழைய இடத்திலேயே இருக்கும், சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். என்னைப் போன்றவர்களை மனதில் வைத்தே எவரோ கண்டுபிடித்தது.

1. பேண்டும் பாட்டும்

திண்டுக்கல்லில் நாங்கள் நடத்திய ராக் பேண்டின் பெயர் ‘கல்லடி’. பெயர் வைத்தது நான். மேடைக்கு என்ன வந்து விழும் என்று அப்போது யோசிக்கவில்லை. கிட்டார் ஜெரால்டு. வேனும் அவனுடையது, ஸ்பீக்கரும் அவனுடையது என்பதால், என்னைவிட இளையவனானாலும் அவன்தான் முதலாளி. பாடியவன் சேவியர். அவன் மைக்கைப் பிடித்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டே கைதட்டுவார்கள்.

எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது ‘ஷிப்டு பஸ்’ என்ற எங்கள் சொந்தப் பாட்டு. முதல் சரணம் முழுக்கக் குரலும் என் கீபோர்டும் மட்டும். அப்புறம் கிட்டாரும் டிரம்ஸும் சேரும். கடைசியில் ‘எறங்க மாட்டேன்’ என்று பாட்டு உச்சத்துக்குப் போகும். வேடசந்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் சேவியர் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்குத் தொப்பம்பட்டியிலிருந்து கதிர் வந்தான். குரல் பார்க்க வந்த அன்று அவனுக்குக் கடும் ஜலதோஷம். ஜெரால்டு கேட்டுவிட்டு, “ரெண்டு கட்டை எறக்கிக்கிருவோம்ண்ணே” என்றான். நான் பட்டனை அமுக்கினேன். ஜலதோஷம் போய்விட்டது, பாட்டு இறங்கின இடத்திலேயே இருந்தது.

2. டீக்கடை வழக்கு

அதன்பின் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சேவியர் கோஷ்டிக்குத் தலைவன் மைக்கேல், மில்லில் ஃபிட்டர். கதிர் பக்கம் வத்தலக்குண்டுக் கல்லூரிப் பையன்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆரம்பித்து வாட்ஸப் குரூப்பில் தொடர்வார்கள்.

“ராக்கு பாடச் சொன்னா தாலாட்டு பாடுறான்யா ஒங்க ஆளு.”

“ஒங்க சேவியர் பாடுனா ஒரு வார்த்தை வெளங்குமா? கதிர் பாடித்தான் அது பஸ்ஸப் பத்துன பாட்டுன்னே எங்களுக்குத் தெரிஞ்சுச்சு.”

“ஏலே, எறங்க மாட்டேன்னு கத்துற பாட்டையே ரெண்டு கட்டை எறக்கிட்டானுக. இதுக்கு மேல என்ன பேச்சு?”

இரண்டு பக்கமும் என்னைச் சாட்சிக்கு இழுக்கும். இரண்டு பக்கமும் டீ வாங்கிக் கொடுத்ததால் இரண்டு பக்கமும் சரி என்று சொல்லி வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு மிதப்பு. நாங்கள் செய்த பாட்டுக்காக டீ ஆறுவதுகூடத் தெரியாமல் அடித்துக்கொள்ள இந்த ஊரில் ஆட்கள் இருந்தார்கள். எத்தனை பேருக்கு அந்த யோகம் வாய்க்கும்?

3. மில் ஆண்டு விழா

வேடசந்தூரில் ஒரு மில்லின் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மைக்கேல் முன்கூட்டியே குரூப்பில் போட்டுவிட்டான்: அந்தப் பாட்டைக் கதிர் எடுத்தால் நாங்கள் எல்லோரும் எழுந்து போய்விடுவோம்.

ஜெரால்டு வேனில் ஏறும்போதே சொன்னான்: “இன்னைக்கிக் கூட்டம் எந்திரிச்சுப் போச்சுன்னா வேற பாடகரப் பாக்க வேண்டியதுதான்ண்ணே.”

பின்சீட்டிலிருந்து கதிர் சொன்னான்: “எனக்குங் கேக்குதுங்ண்ணா.”

ஜெரால்டு வேனைக் கிளப்பினான்.

கச்சேரி நன்றாகத்தான் போனது. ‘ஷிப்டு பஸ்’ஸுக்கு முன்னால் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் போட்டார்கள். கூட்டம் விசிலடித்தது. மைக்கேல் ஆட்கள் எழுவதற்குத் தயாராக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தேன்.

கரண்ட் போய் வந்தால் கீபோர்டு தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பட்டனை மறுபடி அமுக்க வேண்டும். இது நேற்று வாசிக்க வந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், முன்னிசையைப் பாதி வாசித்து முடித்த பிறகு. கேட்டுக்கொண்டிருந்தது சேவியரின் சுருதி.

ஜெரால்டு என்னைப் பார்த்த பார்வைக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. கதிரும் பார்த்தான். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியிருக்கலாம். அவன் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனான். அந்தச் சுருதியிலேயே எடுத்தான்.

மைக்கேல் ஆட்கள் சொன்னபடி எழுந்தார்கள். எழுந்தவர்கள் நகரவில்லை. பழைய சுருதி அவர்களுக்குத் தெரியாதா? மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த மில் மேனேஜர், மரியாதைக்கு எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்துத் தானும் எழுந்து நின்றார்.

கிட்டார் சேரும் இடத்தில் ஜெரால்டு பல்லைக் கடித்தபடி கையை மேலே நகர்த்திப் பிடித்தான். முதல் ‘எறங்க மாட்டேன்’னில் கதிரின் குரல் உடைந்தது. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அடுத்த முறை கதிர் சேவியர் மாதிரி கத்தவில்லை. நேராக, மெலிதாக, மூச்சு தீரும்வரை நீட்டினான். வார்த்தையும் விளங்கியது. மூன்றாம் முறை அதைப் பாடியது நின்றுகொண்டிருந்த அந்தக் கூட்டம். பெருமையில் எனக்கு விரல் வழுக்கியது. இந்த முறை வெள்ளைக் கீயிலேயே.

இறங்கியதும் ஜெரால்டு, “கீபோர்டக் கொண்டுபோய் குடகனாத்துல போடுங்க” என்றான். கொஞ்சம் கழித்து, “கதிரு, அடுத்த மாசப் புரோகிராமுக்கும் தேதிய ஒதுக்கிக்க” என்றான்.

கதிர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். “ஏனுங்ண்ணா, சுருதிய ஏத்தறேன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே.” வேண்டுமென்றே ஏற்றினேன் என்று நினைத்துவிட்டான். அந்தப் பெயரை எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. “மறந்துட்டேன் தம்பி” என்றேன். புரையேறச் சிரித்தான்.

இப்போது வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். கரண்ட் வந்ததும் பட்டனைப் பாருங்கள். அதைவிட முக்கியம், பாடுகிறவனிடம் அவன் சுருதி என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஜலதோஷத்தில் பார்த்த குரலை வைத்துக்கொண்டு நாங்கள் அவனை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நாங்களும் உள்ளூர சேவியர் கோஷ்டிதான்.

வேனில் சாமான் ஏற்றிவிட்டு வந்தால் மில் கேட்டருகே மைக்கேலும், கச்சேரி கேட்க வந்திருந்த கல்லூரிப் பையன்களும் கழுத்து நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

“என்ன மைக்கேலு, இப்பச் சொல்லு. சேவியரா, கதிரா?”

“அத நாங்க பேசிக்கிறோம், நீங்க வாசிங்க.”