அத்தானின் மனமும் ஒரு மெட்ரோனோமும்

போன ஞாயிறு பூசை முடிந்து, மல்வேர்னில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். சாப்பாட்டுக்கு முன்னால் என்னை ஒரு விஞ்ஞானப் பரிசோதனையில் உட்கார வைத்துவிட்டார்கள்!

அக்கா மகள் டிலானி யூனிவர்சிட்டியில் உளவியல் படிக்கிறாள். முதலில் ஃபார்மசிக்குத்தான் போனாள், பாதியில் மாறிவிட்டாள். அன்றிலிருந்து அவள் அப்பா, அதாவது என் அத்தான், அவளோடு நேரே பேசுவதில்லை. "காரைத் தள்ளி விடச் சொல்லு" என்பதுகூட அக்கா வழியாகத்தான் போகும். அத்தானுக்குத் தொழில், கார் ஓட்டப் பழக்குவது. "மனம் எண்டு ஒண்டைக் கண்ணாலை கண்டவன் ஆர்? உது ஒரு சயன்ஸோ?" — இதுதான் அவர் கட்சி.

நியாயமான கேள்விதான். சுமார் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஐரோப்பாவிலும் இதையேதான் கேட்டார்கள். மனம் தத்துவக்காரர்களின் சொத்தாக இருந்த காலம். அப்போது ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் மனத்துக்கென்றே ஓர் ஆய்வுகூடம் திறந்தார். அங்கே இருந்த கருவிகளில் ஒன்று என்ன தெரியுமா? சங்கீதம் பழகுகிறவர்கள் தாளத்துக்கு வைத்துக்கொள்ளும் மெட்ரோனோம்! அதை 'டக்... டக்...' என்று ஓடவிட்டு, கேட்பவரிடம் "உள்ளே என்ன நடக்கிறது?" என்று விசாரித்தார்கள்.

வகுப்புக்காக டிலானி அதைத் திரும்பச் செய்து பார்க்கிறாள். ஆள் போதவில்லை. அக்கா கண்ணைக் காட்ட, அத்தானும் வந்து சோபாவில் உட்கார்ந்தார் — சுவரைப் பார்த்தபடி.

டிலானி போனிலேயே ஒரு மெட்ரோனோமை ஓடவிட்டாள். டக்... டக்...

"சித்தி, என்ன ஃபீல் பண்ணுறீங்க?"

"பசிக்குது."

"அம்மா?"

"கறி அடிப்பிடிக்கப் போகுது."

"கமோன்! யோசனை வேண்டாம். அந்தச் சத்தம் உங்களுக்கு உள்ளுக்கை என்ன செய்யுது?"

வேகத்தைக் குறைத்தாள். டக்......... டக்.

அத்தான் திடீரென்று வாய் திறந்தார்.

"ஒரு டக்குக்கும் மற்ற டக்குக்கும் நடுவிலை நெஞ்சு இறுகுது. புதுசா ஓடுற ஆளுக்குப் பக்கத்திலை, பிரேக்கிலை காலை வைச்சுக்கொண்டு இருப்பன்... அது மாதிரி. சத்தம் வந்த உடனை லேசாகுது."

டிலானி துள்ளி எழுந்தாள். "அப்பா! அந்த லாபிலையும் இதைத்தான் கண்டவை! வெயிட் பண்ணேக்கை ஒரு இறுக்கம், பிறகு ஒரு ரிலீஃப்!"

அத்தான் முகத்தில் பெருமை... மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு, எத்தனையோ மாதங்களுக்குப் பின், மகளை நேரே பார்த்துக் கேட்டார்.

"உனக்கு என்ன செய்யுது?"

அவள் போனை நிறுத்தினாள். "நீங்க என்னோடை கதைக்காமல் இருக்கேக்கை எனக்கும் அப்பிடித்தான் அப்பா... இறுகுது."

அக்கா அடுப்பையே மறந்துபோனாள்.

"சரி... வா, சாப்பிடுவம்," என்றார் அத்தான், எழுந்துகொண்டு. "உந்த ஜெர்மன்காரன் வேறை என்ன கண்டுபிடிச்சவன்? சாப்பிட்டுக்கொண்டு சொல்லு."

கறி நன்றாகவே அடிப்பிடித்திருந்தது. ஒருவர்கூட வாய் திறந்து குறை சொல்லவில்லை!

நம் வீடுகளில் எதைத்தான் கேட்பதில்லை? சம்பளம், சுகர், வீட்டு விலை... "உள்ளே என்ன செய்கிறது?" என்று மட்டும் கேட்கமாட்டோம். யாரோ சிலர் அதைப் பொறுமையாகக் கேட்டு, பதிலையும் கவனமாகக் கேட்டதில்தான் ஒரு விஞ்ஞானமே வளர்ந்திருக்கிறது.

நேற்று அத்தான் போன் எடுத்து, மனம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு ஒரு மணித்தியாலம் விளக்கினார். அவரை நிறுத்துவதற்குத்தான் விஞ்ஞானம் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை!