புரிவது மூன்று, பலம் ஒன்பது

"உங்க மைக் போயிடுச்சு ண்ணா, கரகரன்னு வருது" என்று ரேடியோவில் மீஞ்சூர் தாமஸ் சொன்னதுதான் என் நோயின் முதல் அறிகுறி. நான் அதை மைக்கைப் பற்றிய செய்தியாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவன். எனக்கு இருக்கும் ஒரே பைத்தியம் ஹாம் ரேடியோ (பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, காசுக்காக இல்லாமல் வானொலியில் பேசிக்கொள்வது). எங்கள் வட்டார நண்பர்களின் காலை நெட்டைப் (எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடி முறைவைத்துப் பேசுவது) பல வருடங்களாக நான்தான் நடத்திவந்தேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பேசவிட வேண்டும், அடுத்தவருக்கு வழிவிடச் சொல்ல வேண்டும். ஆன்டெனா, மழை, முழங்கால் வலி, மகள் கல்யாணம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். தாமஸை நிறுத்துவதற்கே என் குரலில் பாதி செலவாகியிருக்கும்.

ஏரிக்கரை உப்புக்காற்றில் எந்தக் கம்பியும் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். ஆகவே மைக்கை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். கனெக்டரை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஈயம் பற்றவைத்தேன். நெட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பவர் சப்ளையைப் பார் என்றார் ஒருவர், எர்த் கம்பியைப் பார் என்றார் இன்னொருவர். டாக்டரைப் பார் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் கூட்டத்துக்கு எது நடந்தாலும் முதலில் கருவிதான் கண்ணில் படும். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

இறால் ஏலத்துக்குப் போய்த் திரும்பிய என் மனைவி வள்ளி, நான் மறுபடியும் மைக்கைப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்தாள்.

"என்னான்ட பேசும்போது மைக்கா வெச்சிக்கினு பேசுற? இங்கயும் கரகரன்னுதான்யா கீது. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். எனக்கும் வலிக்கவில்லை.

பொன்னேரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். மூக்கு வழியாக எண்டோஸ்கோபி (நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டுப் பார்த்தார்கள். பிறகு பயாப்ஸி (துணுக்குச் சதையை எடுத்துச் சோதிப்பது). குரல்வளையில் புற்றுநோய், குருத்தெலும்பு வரை போய்விட்டது, குரல்வளையை முழுதாக எடுப்பதே நல்லது என்று மருத்துவர் சொன்னார். என் மகள் வயதிருக்கும் அவருக்கு. ஒரு தாளில் கழுத்தை வரைந்து காட்டினார்.

"இங்க ஒரு துளை இருக்கும். இனிமே மூச்சு அது வழியாத்தான். உள்ள சின்னதா ஒரு வால்வு வைப்போம். துளையைக் கட்டைவிரலால மூடிக்கிட்டா காத்து அந்த வால்வு வழியா வாய்ப் பக்கம் போய்க் குரல் வரும். பழகணும்."

"என் குரலா வரும்?"

"இல்லைங்க. அது வேற மாதிரி இருக்கும். ஆனா பேசலாம்."

யோசிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தேன். யோசித்ததாகச் சொல்ல முடியாது, முரண்டு பிடித்தேன். நாள் முழுக்க டீசலில் ஊறிக் கிடக்கிறவனுக்குக் காலையில் அந்த அரைமணி நேரம்தான் மரியாதை. பத்து பேர் என் வார்த்தைக்குக் காத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு வாழ்வதற்குப் பதில் இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

வள்ளி கத்தவில்லை. மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நீ பேசாட்டி போவுது, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கறேன். நீயே இல்லன்னா யாரான்டய்யா பேசுறது?"

மறுநாள் சம்மதம் சொல்லிவிட்டேன். நெட் நடத்தும் பொறுப்பைத் தாமஸிடம் ஒப்படைத்தேன். என் பழைய குரலில் காற்றில் போன கடைசி வாக்கியம், "சுருக்கமாப் பேசு தாமஸ்" என்பது. அவர் நன்றி சொல்லவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு நினைவும் இல்லை, தெம்பும் இல்லை. மூக்குக் குழாயில் கஞ்சி இறங்கியது. கழுத்துத் துளையில் சளி கட்டிக்கொள்ளும், நர்ஸ் வந்து உறிஞ்சி எடுப்பார். அதன் பிறகு வாரக்கணக்கில் கதிர்வீச்சு. பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில், போய் மேசையில் படுப்பது சில நிமிடம், பிறகு அதே வழியில் திரும்புவது. அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. ரயிலில் வள்ளி தோளில் சாய்ந்து தூங்குவேன். இறங்கும் இடம் வந்தால் இன்னும் கொஞ்சம் போகக் கூடாதா என்றிருக்கும்.

வீட்டில் கட்டிலில் கிடந்தபடி காலை நெட்டைக் கேட்பேன். தாமஸ் முதலில் என் பெயரைக் கூப்பிடுவார். நான், பேசும்போது அழுத்திப் பிடிக்கும் மைக் பொத்தானை இரண்டு முறை தட்டுவேன். அங்கே "டிக் டிக்" என்று கேட்கும். "அண்ணன் கீறாரு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவார். பொத்தானைத் தட்ட மட்டுமே முடிகிறவனாக ஆகிவிட்டேனே என்று எரிச்சலாக இருக்கும். ஆனாலும் ஒரு நாளும் தட்டாமல் இருந்ததில்லை.

பிறகு பேச்சுப் பயிற்சி. "பேசுங்க" என்று பயிற்சியாளர் சொன்னதும் என் கட்டைவிரல் மடியில் இருந்தபடியே காற்றை அழுத்தியது. இத்தனை வருடமாகப் பேச்சு என்றால் மைக் பொத்தான்தானே. அது கழுத்துக்குப் போக வேண்டும் என்று விரலுக்குப் புரியப் பல நாள் ஆனது. வள்ளி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

குரல் வந்தது. தகரத்தைத் தரையில் இழுப்பது போல வந்தது. குப்பத்தில் பார்த்தவர்கள் எல்லாம், "இன்னா ண்ணா, அப்டியே பழைய கொரலு!" என்றார்கள். சொல்லிவிட்டு நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்கள். ஒரு நாள் வள்ளியிடம் பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டேன். வெந்நீர் கொண்டுவந்தாள். "இதானே கேட்ட?" என்றாள். தலையாட்டிவிட்டுக் குடித்தேன்.

ஹாம்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிர்முனையில் பேசுகிறவரின் குரல் நமக்கு எப்படிக் கேட்கிறது என்று எண்ணில் சொல்ல வேண்டும். பேச்சு புரிவதற்கு ஐந்து வரை, அலையின் பலத்துக்கு ஒன்பது வரை. மரியாதைக்காக எல்லோருக்கும் "ஃபைவ் நைன்" கொடுத்துவிட்டு, "உங்க பேரு மறுபடி சொல்லுங்க" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். இப்போது ஊரே எனக்கு ஃபைவ் நைன் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் பேசுவது உண்மையில் புரிகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழி இருக்கவில்லை.

ஒரு காலையில் வலது கையில் மைக்கை எடுத்தேன். இடது கட்டைவிரலைக் கழுத்தில் வைத்தேன். இரண்டையும் ஒன்றாக அழுத்தி, என் கால்சைனையும் (உரிமத்தோடு தரப்படும் அடையாளப் பெயர்) நான்கு வாக்கியமும் சொல்லிவிட்டு, இரண்டையும் ஒன்றாக விட்டேன். மூச்சு வாங்கியது.

"ண்ணா," என்றார் தாமஸ். "புரியறது மூணு, பலம் ஒம்போது. செட்டு நல்லாக் கீது. கால்சைன் புரியுது, நடுவுல வார்த்த முழுங்கிடுது. மறுபடி சொல்லுங்க. ஓவர்."

மூன்று. மரியாதைக்குக் கொடுத்த ஐந்து இல்லை. எனக்கு அழுகை வந்தது. இப்போதெல்லாம் என் அழுகைக்குச் சத்தம் கிடையாது, கழுத்தில் காற்று மட்டும் அடிக்கும். மறுபடி சொன்னேன். அதற்கும் மூன்றுதான் கொடுத்தார்.

மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் கருவாட்டு வாடையும் சேற்று வாடையும் எனக்கு எட்டுவதில்லை. துளைக்குள் தண்ணீர் போய்விடும் என்பதால் ஏரியில் இறங்கக் கூடாது, படகைக் கரைக்குக் கொண்டுவந்தால்தான் இன்ஜினில் கை வைப்பேன். பழகிவிட்டது என்று சொன்னால் பொய். சீக்கிரம் களைத்துப்போகிறேன்.

எனக்கு இப்போது நான்கு கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நெட்டை நான்தான் நடத்துகிறேன். அரைமணியில் முடிந்தது ஒரு மணி ஆகிறது. ஒரு மூச்சுக்கு இரண்டு பெயர்தான் வரும். பிறகு கழுத்திலிருந்து விரலை எடுத்து, மூச்சு வாங்கி, மறுபடி வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. தாமஸ்கூட.