கழுதைப்புலியின் பக்கம்

மழையில் நனைந்த என் தோல்பை, சான்பாடாவில் நான் தனியாகத் தங்கியிருக்கும் அறை முழுக்கத் தாராவியின் தோல் வாடையை நிரப்பியது. அங்கே பட்டறையில் வாப்பாவும் முருகன் அண்ணாச்சியும் தோல் வெட்டிக்கொண்டே தினமும் சண்டை போடுவார்கள்.

“புலியை அடிக்க ஒரு மிருகம் உண்டுமாவே?” என்பார் அண்ணாச்சி.

“போவே! கழுதைப்புலி எலும்பையே மென்னு தின்னும். உம்ம புலிக்கு அந்தப் பல்லு உண்டா?”

ஐந்தாம் வகுப்பில் நான் பாடப்புத்தகத்தை விரித்து, புலிதான் என்று தீர்ப்புச் சொன்னேன். அண்ணாச்சி சிரித்தார்.

“படிச்ச புள்ள சொல்லிட்டான், இனி என்ன பேச்சு” என்றார் வாப்பா. அதன்பிறகு என்னிடம் அவர் எதற்கும் வாதாடியதில்லை.

இன்று வாப்பாவுக்குப் போன் போட்டேன்.

“வாப்பா, கழுதைப்புலி ஒரு சிறுத்தையைத் துரத்துற வீடியோ பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி.”

“நீ சொன்னா சரியாத்தாம்ல இருக்கும்.”

சிறுத்தை வேறு, புலி வேறு என்று மடக்குவார் எனக் காத்திருந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டார்.