ராகு காலத்துக்கு முன் ஒரு வெளியீடு

நான் ஒரு மடையன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாசித்து முடித்தபின் நீங்களாகக் கண்டுபிடித்ததுபோலப் பெருமைப்படக் கூடாது. மென்பொருள் வெளியிடுவதற்குக் கலண்டரில் நல்ல நேரம் பார்த்தவன் நான்.

கொக்குவிலில் ஒரு வீட்டை அலுவலகமாக்கி, வெளிநாட்டு வாடகைக் கார் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். கொழும்புத் தலைமையகம் எல்லாவற்றுக்கும் ஒரே கருவியை எங்கள் தலையில் கட்டியிருந்தது. வாடிக்கையாளர் கேட்பது, நிரல் எழுதுவது, சோதிப்பது, வெளியிடுவது எல்லாம் அதற்குள்தான். சோதிப்பவர் பச்சை காட்டாமல் ஒரு வரியும் வெளியே போகாது. பொறுப்பாளர் என்ற மரியாதைக்காக, அந்தச் சோதனைப் படலையை, அந்த வாசல் கதவைத் தாண்டிக் குதிக்கும் அனுமதியை எனக்கு மட்டும் தந்திருந்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. சோதனை செய்யும் மானிப்பாய்ப் பெண், வேலை மத்தியானம்தான் முடியும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குப் பிறகு மரணயோகம். ஆகவே நான் சத்தமில்லாமல் பத்து மணிக்குத் தானாக வெளியாகும்படி கருவியில் நேரம் குறித்து, சோதனை தேவையில்லை என்றும் ஒரு சரி போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

சற்று நேரத்தில் அந்த வெளிநாட்டுக் கம்பனியின் ஊரில் வாடகைக் கார்கள் அத்தனையும் ஒரேயொரு பல் வைத்தியரின் வாசலில் போய் நின்றன.

கருவி உடனே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியது. பிழையான நிரலை எழுதியவரின் பெயர் மேலே, கொட்டை எழுத்தில். அவன் உரும்பிராய்க்காரன். விடிய வெங்காயத் தோட்டம் கொத்திவிட்டு வேலைக்கு வருகிறவன். இன்னொரு பிழை அவன் பெயரில் வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று தலைமையகம் ஏற்கெனவே எச்சரித்திருந்தது.

எழும்பி என் மேசைக்கு வந்தான்.

"சோதிச்சு முடியேல்லை எண்டு அக்கா சொன்னவாதானே. என்ரை பேரிலை ஏன் விட்டனீங்கள்?"

"நேரம் நல்லதடா தம்பி..."

முதல் குத்து மூக்கில் விழுந்தது. மண்வெட்டி பிடித்த கை. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. கதிரையோடு பின்னால் விழுந்தேன். வீரத்தோடு மேசைக்கடியில் புகுந்தேன். காலைப் பிடித்து இழுத்தான். சப்பாத்து மட்டும் அவன் கையோடு போயிற்று. அந்தச் சப்பாத்தாலேயே என் முதுகில் அடித்தான். நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். ஆண்மைக்கு அழகில்லைதான், ஆனால் வாய் மட்டுமே அப்போது சும்மா இருந்தது. அவன் என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். கணினித் திரை ஒன்று விழுந்து உடைந்தது.

விலக்க வந்த மானிப்பாய்ப் பெண்ணின் உதட்டில் அவன் முழங்கை பட்டு இரத்தம் வந்தது. அவள் துடைக்கவில்லை. கீபோர்டைப் பிடுங்கி முதலில் அவன் தலையிலும் பிறகு என் தலையிலும் ஓங்கி அடித்தாள். எழுத்துகள் நிலமெல்லாம் சிதறின.

"இரண்டு பேரும் விடுங்கோ. அங்கை கார் எல்லாம் நிக்குது. அண்ணை, உங்களாலைதான் திருப்பியெடுக்க ஏலும்."

மூக்கிலிருந்து சொட்டச் சொட்ட, அவன் என் சட்டைக் கொலரை விடாமல் பிடித்திருக்க, பழைய பதிப்புக்குத் திருப்பினேன். கார்கள் கலைந்தன. பிறகு கொழும்புக்கு வீடியோவில் அழைத்து, படலை தாண்டியவன் நான்தான், அவனில் பிழையில்லை என்றேன். முகத்தில் என்ன இரத்தம் என்று அவர்கள் திரையில் பார்த்துக் கேட்டார்கள். கதவு அடித்தது என்றேன். என் அனுமதியைப் பறித்தார்கள். அவன் வேலை தப்பியது.

அவனே என்னை மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனான். கடிபட்ட மணிக்கட்டில் கைலேஞ்சி சுற்றியிருந்தது. வழியில் பின்னாலிருந்து கேட்டேன்:

"தம்பி, இனி எனக்கு அடிக்க மாட்டாய்தானே?"

"அடுத்த வெளியீட்டண்டு பாப்பம், அண்ணை."